வம்சப் படம் வரையலாம், முதலில் அத்தையைக் கூப்பிடுங்கள்

பன்னிரண்டாம் வகுப்புக்கு 22 வருடமாக விலங்கியல் எடுக்கிறேன். மெண்டலின் பட்டாணிச் செடி, நெட்டை, குட்டை, மூன்றுக்கு ஒன்று எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பாடத்தில் மரபுக்கால்வழி என்று, ஒரு பண்போ நோயோ குடும்பத்தில் எப்படி இறங்குகிறது என்று படமாகப் போடும் ஒரு பகுதி வரும். சதுரம், வட்டம், கோடு. "படத்தைச் சரியாப் போட்டா மார்க் கைல" என்று வருடா வருடம் பிள்ளைகளிடம் சொன்ன நான், என் வீட்டுக்கு ஒரு நாளும் அதைப் போட்டுப் பார்த்ததில்லை. தம்பி மகள் பிறந்த ஏழாம் மாதத்தில் வெளிறிப்போய், ஹீமோகுளோபின் 5 கிராமுக்கு இறங்கி, பீட்டா தலசீமியா மேஜர், அதாவது உடம்பால் போதுமான ஹீமோகுளோபின் செய்ய முடியாத பரம்பரை ரத்தக் கோளாறு என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பென்சிலை எடுத்தேன்.

தம்பி கட்டியிருப்பது எங்கள் அக்கா மகளை. அவளுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டும் என்று பத்து வயதுத் தம்பியைப் பட்டு வேட்டி கட்டி உட்கார வைத்தோம். அந்த மடியில் அழுத பிள்ளைக்கே பிற்பாடு தாலி கட்டினான். பொண்ணு கண் முன்னாடி இருக்கும், புதுசாக யாரையும் விசாரிக்க வேண்டாம் என்றார் அம்மா. யாரும் மறுக்கவில்லை, நான் உட்பட.

குழந்தைக்கு ஏதாவது பரம்பரைக் கோளாறு என்று சந்தேகம் வந்தாலோ, வீட்டில் ஒரே மாதிரி நோய் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தாலோ, சொந்தத்தில் கல்யாணம் பேசினாலோ, டாக்டரிடம் போகும் முன் இந்தப் படத்தை வரைந்துகொண்டு போங்கள். அவருக்கு உங்களோடு கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். அதற்குள் உங்கள் பெரியம்மாவின் நாத்தனார் கதையைச் சொல்லி முடிக்க முடியாது.

தாளும் குறிகளும்

பெரிய தாள் வேண்டும். நான் சிவகாசிக்காரி, அதனால் மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம்தான் கைக்கு வந்தது. சார்ட் பேப்பரும் சரி. பேனா வேண்டாம், பென்சில். எப்படியும் பத்துத் தடவை அழிப்பீர்கள்.

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவரை முழுக்கக் கறுப்பாக்குங்கள். நோய் இல்லாமல் பழுதான மரபணுவை மட்டும் சுமப்பவர், அதாவது கேரியர், பாதி கறுப்பு. இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. கணவன் மனைவிக்கு இடையே கிடைக்கோடு, அதிலிருந்து கீழே இறங்கும் கோட்டில் பிள்ளைகள், மூத்தது இடப்பக்கம். கலைந்த கரு சின்ன முக்கோணம். ஆணா பெண்ணா தெரியாவிட்டால் சாய்சதுரம். யாரை முன்னிட்டுப் படம் போடுகிறீர்களோ அவருக்கு ஒரு அம்பு. கணவனும் மனைவியும் கல்யாணத்துக்கு முன்பே ரத்த சொந்தம் என்றால் ஒற்றைக் கோட்டுக்குப் பதில் இரட்டைக் கோடு. நம் ஊர்ப் படங்களில் இந்த இரட்டைக் கோடு நிறைய வரும்.

அம்பு போட்ட குழந்தையிலிருந்து தொடங்கி மேலே ஏறுங்கள். கொள்ளுத் தாத்தாவிலிருந்து இறங்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் பாதியில் தாள் போதாது. மூன்று தலைமுறை கட்டாயம், நான்கு கிடைத்தால் நல்லது.

எனக்கு முதல் நான்கு தாள் வீண். தம்பி என் வரிசையில் இருக்கிறான், அவன் மனைவி ஒரு படி கீழே அக்காவின் பிள்ளைகள் வரிசையில் இருக்கிறாள். இரண்டு பேரையும் ஒரே வரிசையில் கொண்டுவர அவளை இன்னொரு தடவை மேலே போட்டேன். ஒரே ஆள் இரண்டு வட்டமானதும் கணக்கெல்லாம் குழம்பிவிட்டது. அப்புறம்தான் புரிந்தது, இரட்டைக் கோடு சாய்வாகவே போகட்டும். பிறந்த வரிசையில் ஆளை வையுங்கள், ஒருவருக்கு ஒரே குறி.

இதைவிடப் பெரிய குழப்பம் முறைப் பேர்களில் இருக்கிறது. 'மாமா' என்றால் அம்மாவின் தம்பியாக இருக்கலாம், அத்தை புருஷனாக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், சில வீட்டில் கட்டின புருஷனே மாமாதான். 'அண்ணன்' என்று சொன்னவர் பெரியப்பா மகனாக இருப்பார். எங்கள் வீட்டுக் குழந்தைக்கு நான் அப்பா வழியில் அத்தை, அம்மா வழியில் சின்ன ஆச்சி. அதனால் முறையைக் கேட்டு எழுதாதீர்கள். ஒவ்வொரு பேருக்கும் "இவர் யார் வயித்துப் பிள்ளை?" என்று கேளுங்கள்.

எப்படிக் கேட்பது

படத்தில் முக்கால்வாசி வேலை இதுதான். எங்கள் வீட்டில் பழைய கதை முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் அப்பாவின் அக்கா, 80 தாண்டிவிட்டார். முதல் நாள் போய், "நம்ம குடும்பத்துல யாருக்காவது பரம்பரை நோய் உண்டா அத்தை?" என்று கேட்டேன். டீச்சர் புத்தி. அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம வம்சத்துல அப்படி ஒண்ணும் கெடையாது. வந்த எடத்துல பாரு." சரி என்று காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனபோது அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நீங்க எத்தனை பெத்தீங்க அத்தை?"

"ஆறு."

எனக்குத் தெரிந்து அத்தைக்கு நான்கு பிள்ளைகள்.

"ஒண்ணு பொறந்த அன்னைக்கே போயிருச்சு. இன்னொண்ணு பொம்பளப் பிள்ள. ரெண்டு வயசு இருந்துச்சு. வெளுத்து வெளுத்துப் போகும். கையி காலு குச்சி, வயிறு மட்டும் பானை. மாந்தம்னாங்க, மந்திரிச்சோம், கருப்பட்டியில மருந்து குடுத்தோம்." கீரை ஆய்வது நின்றுவிட்டது. பிள்ளையின் பெயரைச் சொன்னார். எங்கள் அக்காவின் பெயர் அது. அக்காவுக்கு ஏன் அந்தப் பேர் வைத்தார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அத்தையைக் கட்டிக்கொடுத்தது அவருடைய சொந்த மாமன் மகனுக்கு.

தலசீமியா மேஜர் குழந்தைக்கு ரத்தம் ஏற்றாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்: சோகை, மண்ணீரல் வீங்கி வயிறு பெருப்பது. ஆனால் மலேரியாவிலும் மண்ணீரல் வீங்கும், வேறு எத்தனையோ காரணம் உண்டு. ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை ஏது? அதனால் அந்த வட்டத்தைக் கறுப்பாக்காமல் உள்ளே ஒரு கேள்விக்குறி போட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஊகத்தைக் கறுப்பாக்கினால் டாக்டரே தப்பான வழியில் போய்விடுவார்.

ஆக, 'நோய்' என்ற வார்த்தையை எடுக்காமல் கேளுங்கள். எத்தனை பேறு, எத்தனை தங்கியது. இறந்தவர் எந்த வயதில், அப்போது பார்க்க எப்படி இருந்தார், ஊரில் என்ன சொன்னார்கள். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் என்ன முறை. யாருக்காவது காது கேட்காதா, பேச்சு வரவில்லையா, நடக்கத் தாமதமா, சின்னக் காயத்துக்கும் ரத்தம் நிற்காதா. புற்றுநோய் என்றால் எந்த உறுப்பில், எந்த வயதில். 40 வயதில் வந்ததும் 75 வயதில் வந்ததும் டாக்டருக்கு வேறு வேறு செய்தி. இரண்டாம் தாரம், தத்து எடுத்த பிள்ளை போன்றவற்றைத் தனியாக இருக்கும்போது மட்டும் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள். முடித்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடவே போடாதீர்கள். நான் போடவில்லை, தம்பி ஆர்வத்தில் போட்டான். ஒரு சித்தப்பா வீட்டில் இன்றைக்கும் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தோண்டுங்கள்

அத்தைக்கு அடுத்த சாட்சி பீரோவில் இருந்தது. என் இரண்டு பிரசவத்திலும் ரத்தம் 9.5 கிராமைத் தாண்டவில்லை. இரும்புச்சத்து மாத்திரையாக விழுங்கினேன், கீரை சாப்பிடுவதில்லை என்று திட்டும் வாங்கினேன். அந்தப் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் எம்சிவி 64, சிவப்பணு எண்ணிக்கை 5.6 மில்லியன். எம்சிவி என்பது சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80க்குக் கீழே இருந்தால் அணுக்கள் சிறிது. இரும்புச்சத்துக் குறைவென்றால் அணுவும் சிறிதாகும், எண்ணிக்கையும் குறையும். கேரியருக்கு அணு சிறிதாக இருக்கும், எண்ணிக்கை மட்டும் தாராளமாக இருக்கும். எம்சிவியை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 13க்குக் கீழே வந்தால் தலசீமியா கேரியரோ என்று சந்தேகப்படலாம். 1973ல் மென்ட்சர் என்ற மருத்துவர் சொன்ன கணக்கு இது. எனக்கு 11.4 வந்தது. எல்லா ரிப்போர்ட்டிலும் இந்த இரண்டு எண்ணும் இருக்கின்றன, யாரும் வகுப்பதில்லை.

இது சந்தேகத்துக்கு மட்டும். உறுதி செய்ய, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி என்ற பரிசோதனை வேண்டும். அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பீட்டா தலசீமியா கேரியர். உடம்பில் இரும்புச்சத்து மிகக் குறைவாக இருந்தால் ஏ2 கொஞ்சம் இறங்கிக் காட்டும் என்பதால் அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

எங்கள் வீட்டில் எனக்கு 5.2. அக்கா, தம்பி, தம்பி மனைவி மூவருக்கும் 3.5க்கு மேல். அம்மாவுக்கு 2.6, ஒன்றுமில்லை. அப்பா இறந்து 11 வருடம் ஆகிறது, அவர் ரத்தத்துக்கு எங்கே போவது? படம் சொல்லிவிட்டது. மூன்று பிள்ளைகளும் கேரியர், அம்மா இல்லை என்றால் அது அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அவருடைய சதுரத்தைப் பாதி கறுப்பாக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "அப்ப அவரு பக்கந்தானா" என்றார். குரலில் ஒரு சின்ன நிம்மதி.

குற்றம் யார் மேல் என்று பேச்சு கிளம்பும், தயாராக இருங்கள். வழக்கமாக மருமகள் தலையில் விடியும். எங்கள் வீட்டில் மாமியாரும் அம்மாச்சியும் ஒரே ஆள் என்பதால் யாருக்கும் யாரையும் திட்ட வழியில்லாமல் போனது. தாய்மாமன் கல்யாணத்தில் நான் கண்ட ஒரே லாபம்.

படத்தை வாசிப்பது

பீட்டா தலசீமியா ஒடுங்கு வகை. ஹீமோகுளோபினின் பீட்டா இழையைச் செய்யச் சொல்லும் மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று எல்லோருக்கும் இரண்டு பிரதி. ஒன்று பழுதானால் கேரியர், வாழ்க்கை சாதாரணமாக ஓடும். இரண்டும் பழுதானால் நோய். அதனால்தான் படத்தில் தலைமுறை தலைமுறையாக ஒருவரும் கறுப்பாக இல்லாமல், திடீரென்று ஓர் இரட்டைக் கோட்டுக்குக் கீழே கறுப்பு முளைக்கிறது.

1902ல் லண்டனில் ஆர்ச்சிபால்ட் கேரோட் என்ற மருத்துவர் பிடித்ததும் இந்த நுனியைத்தான். சிறுநீர் கறுத்துப்போகும் அல்காப்டனூரியா என்ற கோளாறு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கணிசமான வீடுகளில் ஒன்றுவிட்ட சகோதர சகோதரிகளாக இருந்ததைக் கவனித்தார். மெண்டலின் ஒடுங்கு பண்பு மனித நோய் ஒன்றில் முதன்முதலாகத் தெரிந்த இடம் அது. கேட்ட கேள்வி அத்தையிடம் நான் கேட்டதுதான்: ரெண்டு பேரும் முன்னாடி என்ன முறை?

முறை விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. பெரியப்பா மகள் தங்கச்சி, அவளைக் கட்டுவது பாவம். அத்தை மகள் முறைப்பெண், கட்டலாம். மரபணுவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பெரியப்பா மகளோடும் அத்தை மகளோடும் உங்களுக்குப் பொதுவானது சராசரியாக 8ல் 1 பங்குதான். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் 4ல் 1 பங்கு.

யாருக்கும் பரிசோதனை செய்யாத நிலையில் வாய்ப்பு எவ்வளவு என்ற கணக்கை எங்கள் வீட்டிலேயே போடுகிறேன். அப்பா கேரியர். தம்பி கேரியராக இருக்க 2ல் 1 வாய்ப்பு. அக்காவுக்கும் 2ல் 1, அக்கா மகளுக்கு 4ல் 1. இருவரும் கேரியரானால் குழந்தைக்கு நோய் வர 4ல் 1. மூன்றையும் பெருக்கினால் 32ல் 1. தம்பி வெளியில் பெண் எடுத்திருந்தால்? ஊரில் 25 பேருக்கு ஒருவர் கேரியர் என்று வைத்துக்கொண்டால் 200ல் 1. அதுவும் பூஜ்யம் இல்லை, கவனியுங்கள். "நாங்க சொந்தத்துல கட்டவே மாட்டோம்" என்று சொல்லும் வீடுகளும் பெரும்பாலும் சாதிக்குள்தான் கட்டுகிறார்கள். ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2017ல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களைப் பார்த்ததில் 81 குழுக்கள், சில முன்னோரிடமிருந்தே பெருகியதன் தடயத்தை, அதற்குப் பேர்போன ஃபின்லாந்து மக்களைவிட வலுவாகக் காட்டின. ஒரே சாதியில் தூரத்துப் பெண் என்றாலும் படத்துக்கு மேலே எங்கோ இரட்டைக் கோடு இருக்கலாம்.

4ல் 1 என்றதும் எல்லோரும் செய்யும் தப்பைத் தம்பியும் செய்தான். "முதல் பிள்ளைக்கு வந்துருச்சு, இனி மூணுக்கு வராதுல்ல?" இதற்கு வகுப்பு எடுத்தால் ஏறாது. இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்து, ஒன்று நீ, ஒன்று உன் மனைவி, தலை நல்லது, பூ பழுது, சேர்த்துச் சுண்டு என்றேன். இருபது தடவை சுண்டினான். இரண்டு பூ ஆறு தடவை விழுந்தது, அதில் இரண்டு அடுத்தடுத்து. நாணயத்துக்குப் போன தடவை என்ன விழுந்தது என்று ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு கர்ப்பமும் புதுச் சுண்டு.

வேறு நோய் என்றால் படத்தின் தோற்றம் வேறு. ஒவ்வொரு தலைமுறையிலும் கறுப்பு, ஆண் பெண் பாகுபாடு இல்லை என்றால் ஓங்கு வகை. ஒரு பிரதி பழுதானாலே போதும், பிள்ளைகளுக்கு 2ல் 1. குடும்பத்தில் ஓடும் சில மார்பகப் புற்றுநோய்களுக்கான மரபணு அப்பா வழியாகவும் இறங்கும், ஆகவே அப்பாவின் அக்கா தங்கையையும் கேளுங்கள். ஆண் பிள்ளைகள் மட்டும் கறுப்பு, கோடு அம்மா வழியே ஏறுகிறது என்றால் ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்), டுஷென் தசைநலிவு மாதிரி எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. அங்கே முதலில் விசாரிக்க வேண்டியது தாய்மாமன்மாரை. டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை, 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக வந்துவிடுவது. சர்க்கரை, பிபிக்கு இந்தப் படம் கறாராக ஒன்றும் சொல்லாது. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே ரத்த வகுப்பு என்றால் பிள்ளைக்கு ஆகாது என்கிறார்களே, அது வெறும் கதை.

டாக்டரிடம் போகும்போது

எங்களுக்கு நடந்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். குழந்தையை முதலில் கொண்டுபோன இடத்தில் அவசரத்தில் ரத்தத்தை ஏற்றிவிட்டு, மறுநாள் ஹெச்பிஎல்சிக்கு மாதிரி எடுத்தார்கள். அதில் பாதி கொடுத்தவரின் ரத்தம். ரிப்போர்ட் ஒன்றும் புரியாமல் வந்தது, கிட்டத்தட்ட மூன்று மாதம் இழுத்தது. ஏற்றும் முன்பே பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வைத்தாயிற்றா என்று கேளுங்கள். ஏற்கெனவே ஏற்றிவிட்டார்கள் என்றால் அப்பா அம்மா இருவருக்கும் ஹெச்பிஎல்சி எடுப்பதும், குழந்தைக்கு டிஎன்ஏ பரிசோதனை செய்வதும்தான் வழி.

படத்தோடு எல்லாருடைய ரிப்போர்ட்டின் நகலையும் கொண்டுபோங்கள். அடுத்த குழந்தை வேண்டுமென்றால், கர்ப்பம் தரிக்கும் முன்பே தம்பதியர் இருவரின் மரபணுப் பழுது எது என்று டிஎன்ஏ பரிசோதனையில் கண்டுபிடித்து வைத்துவிடுங்கள். அது தெரிந்தால்தான் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் துளி எடுத்துக் கருவைப் பார்க்க முடியும். அந்தக் காலம் தப்பினால் 16 வாரம் வாக்கில் பனிக்குட நீரில் பார்ப்பார்கள். இது சட்டப்படி அனுமதி உள்ள பரிசோதனை, பதிவு பெற்ற மையத்தில். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்கக்கூடாது, 1994ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது.

படத்தில் பாதி கறுப்பானவர்களின் கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகச் சோதியுங்கள். என் வீட்டுக்காரருக்கு ஒன்றுமில்லை, அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு நோய் வராது. மகள் கேரியர், மகன் இல்லை. மகளுக்கு இப்போது வரன் பார்க்கிறோம். ஜாதகம் கேட்டவர்களிடம் மாப்பிள்ளையின் ஹெச்பிஎல்சி கேட்டேன். ஒரு வீட்டில் போனை வைத்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் மாப்பிள்ளையே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்பினார், ஏ2 2.4.

தம்பி மகளுக்கு இப்போது நாலு வயது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம், ஏற்றும் ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றத் தினமும் மாத்திரை. காலண்டர் தாள் என் பீரோவில் சுருட்டி இருக்கிறது. போன மாதம் அதன் கடைசி வரிசையில், அவளுடைய கறுப்பு வட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு சாய்சதுரம் போட்டேன். 12ஆம் வாரத்தில் பார்த்ததில் கேரியர் மட்டும்தான் என்று வந்தது, அதனால் பாதி கறுப்பு. மார்கழியில் பிறந்ததும் அதை அழித்துவிட்டுச் சதுரமோ வட்டமோ போட வேண்டும். பென்சில் என்று நான் சொன்னது இதற்கும்தான்.